குறைகளை எங்களிடம் கூறுங்கள்



உணவு விடுதிகளுக்குள் நுழைந்தால் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு வாசகத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். “நிறைகளைப் பிறரிடம் கூறுங்கள், குறைகளை எங்களிடம் கூறுங்கள்” என்பதே அது. கண்ணாடிச் சட்டமிட்டு, ஓரங்களில் பூ வரைந்து, எண்ணெய்ப் புகை படிந்து மஞ்சளேறித் தொங்கிக்கொண்டிருக்கும். அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பகுதியில் இந்த வாசகம் இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிறு வயது முதல் இதைப் பல நூறு முறை படித்திருக்கிறேன். ஒரு முறையேனும் இதன்படி நடந்தேனா என்று கேட்டால், தலை குனிய வேண்டியிருக்கிறது. நடக்காததால் விளைந்தது என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களிடம் ஒப்புவிக்கப் போகிறேன். படித்து முடித்தபின், நீங்கள் கடைசியாக ஓட்டலில் சாப்பிட்ட நாளை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை இரவு

ஆலங்குளம் என்றதும் பலர் தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தையே நினைத்துக்கொள்கிறார்கள். அடியேன் வசிப்பது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ஒருபுறம் இராஜபாளையம், மறுபுறம் சிவகாசி. அரசு சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஊர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வரும். அன்று மாலை கடைத்தெருவில் கால் வைக்க இடமிராது. வாரமெல்லாம் மருந்தோடும் திரியோடும் மல்லாடியவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புரோட்டாக் கடைக்கு வருவார்கள். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுக்கும் விருதுநகர்ப் புரோட்டாவின் சுவையை இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் அப்படியொரு சிறு கடை நடத்தி வருகிறார். நான்கு மேசைகள், கல்லில் நிற்பதற்கு ஒரு மாஸ்டர், பரிமாற ஒரு பையன், பின்கட்டில் சால்னா காய்ச்சுவது அவருடைய மனைவி. அவர் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதுவதாக இல்லை. காரணம் போகப் போக உங்களுக்கே விளங்கும்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பாக வந்த ஒரு சனிக்கிழமை. சென்னையில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் என் தங்கை மகன், மனைவி குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தான். “மாமா, நம்ம ஊர் புரோட்டா சாப்பிட்டு வருஷக்கணக்காச்சு” என்றான். அழைத்துச் சென்றேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். குழந்தை அழத் தொடங்கிவிட்டது. ஒருவழியாக இலைக்கு வந்த புரோட்டா ஆறியிருந்தது. சால்னாவில் உப்பு தூக்கல். சுக்கா என்று வைக்கப்பட்ட கறியோ பல்லுக்கு வசப்படவில்லை.

பணம் கொடுக்கும்போது கடைக்காரர் எழுந்து நின்று, “ஹஜ்ரத், சாப்பாடு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருந்துச்சு” என்றேன்.

அவர் தலைக்கு மேலே அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மரியாதைக்காகச் சொன்னேன் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். ஆனால் தெருமுனை திரும்புவதற்குள், “என்னடா இது, கறி நேற்றையதோ என்னவோ!” என்று மருமகனிடம் முணுமுணுத்தேன். வீட்டுக்கு வந்தும் என் மனைவியிடம் அதையே சொன்னேன். தண்ணீர் குடித்தேன், உறங்கிவிட்டேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அஸருக்குப் பின் வந்தவர்

மூன்று நாட்கள் கழிந்தன. அஸர் தொழுகைக்குப்பின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மதரஸாவின் வாசலில் வந்து நின்றார். கையில் கைப்பேசி. மார்க்கக் கல்வியோடு பி.ஏ. பட்டமும் பெற்றவன் என்பதால், வங்கிக் கடிதம், மின்வாரிய அறிவிப்பு என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் ஊரார் என்னிடம் கொண்டுவருவது வழக்கம்.

“ஹஜ்ரத், கூகுள்ல நம்ம கடையைப் பத்தி யாரோ இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. மகன் படிச்சுச் சொன்னான். எனக்கு மனசு ஆறல. நீங்க ஒரு தடவை வாசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஐந்தில் ஒரே ஒரு நட்சத்திரம். நெடுநேரம் காக்க வைத்தார்கள், உப்பு அதிகம் என்று இரண்டு வரிகள். மூன்றாவது வரியில், பழைய கறியைப் பரிமாறுகிறார்கள், யாரும் போகாதீர்கள் என்றிருந்தது. எழுதியவன் தன் முழுப்பெயரைப் போடாமல் ஏதோ சுருக்கப் பெயர் போட்டிருந்தான். கடைக்காரருக்கு அது யாரென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

வாசகர்களே! அந்த மூன்றாவது வரி என்னுடையது. “நேற்றையதோ என்னவோ” என்று தெருமுனையில் நான் உதிர்த்த வார்த்தையில் ஓர் ஐயமாவது இருந்தது. எழுத்தில் ஏறியபோது “என்னவோ” உதிர்ந்துபோய், ஐயம் உறுதியாகிவிட்டது. உலகத்தில் எவர் வேண்டுமானாலும் எந்நேரமும் படிக்கும்படி அது அங்கே நின்றுகொண்டிருந்தது.

“அன்னைக்குக் காலைல அறுத்த கறி ஹஜ்ரத். கறிக்கடைல கேட்டாலே தெரியும். அடுப்பைப் பாக்குற ஆள் அன்னைக்கு வரல. சரியா வேகலைன்னா ஒத்துக்கிறேன். பழசுன்னு எழுதிட்டாங்களே” என்றார் அவர். குரல் கம்மியிருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “பார்ப்போம், யோசித்துச் சொல்கிறேன்” என்று அனுப்பி வைத்தேன். பொய் சொல்லாதீர்கள் என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.

ஒரு நட்சத்திரத்தின் எடை

ஒரு நட்சத்திரத்தால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சிறு கடைக்கு அதுவரை கருத்துச் சொல்லியிருந்தவர்கள் 14 பேர், சராசரி 4.5. பதினைந்தாவதாக ஒற்றை நட்சத்திரம் ஒன்று சேர்ந்ததும் அது 4.3 ஆக இறங்கியது. மதுரையிலோ சென்னையிலோ ஐயாயிரம் பேர் கருத்துச் சொன்ன பெரிய உணவகத்தில் இதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் எண்ணில் அசைவே தெரியாது. பெரியவர்களுக்குக் கொசுக்கடி, சிறியவர்களுக்குத் தேள்கடி.

அப்போது ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பணியாற்றிய மைக்கேல் லூக்கா என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும், ‘யெல்ப்’ என்னும் தளத்தில் அவை பெற்ற நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். 2011-இல் வெளியான அவரது ஆய்வின்படி, மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் உயர்ந்தால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்கிறது. கிளைகள் பல கொண்ட பெருநிறுவன உணவகங்களில் இந்த விளைவு காணப்படவில்லை. தனித்து நடத்தப்படும் கடைகளிலேதான் காணப்பட்டது. ஊரறிந்த பெயருக்கு நட்சத்திரம் தேவையில்லை. பெயரில்லாத சிறு கடைக்கு நட்சத்திரமே பெயர்.

எங்கள் கடைக்காரரிடம் ஒரு வலீமா விருந்துக்கு 300 புரோட்டா கேட்டிருந்த வெளியூர்க்காரர்கள், அந்த வாரத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். காரணத்தை அவர்கள் சொல்லவுமில்லை; இவர் கேட்கவுமில்லை. அதற்கு இதுதான் காரணமென்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் இதுவாக இருக்குமோ என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

என் தந்தையார் சொன்ன விதம்

படுத்திருந்தபோது மர்ஹூம் என் தந்தையாரின் நினைவு வந்தது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஓட்டலில் சாப்பிடுவது என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் திருநாள். சாப்பிட்டு முடித்ததும் வாப்பா உடனே பணம் கொடுக்க மாட்டார்கள். கல்லாவைச் சுற்றி நிற்பவர்கள் நகரும்வரை ஓரமாக நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் அருகில் சென்று, பணத்தைக் கொடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில், “தம்பி, இன்னைக்குக் கறியில உப்புத் தூக்கலா இருக்கு. அடுத்த பந்திக்கு முன்னாடி பாத்துக்கிடச் சொல்லுங்க” என்பார்கள். கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்.

அதில் எத்தனை நுட்பம் பாருங்கள்! குறை மறைக்கப்படவில்லை, மானம் காக்கப்பட்டது. சொல்ல வேண்டியவரிடம், சரிசெய்ய முடிகிற நேரத்தில், சொல்ல வேண்டிய அளவுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. நானோ கேட்டவரிடம் பொய்யையும், கேளாதவனிடம் ஐயத்தையும் சொன்னேன். என் மருமகனிடம் குற்றம் கண்டு என்ன பயன்? முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கத்தை மூத்தவர்கள் கைவிட்டபோது, முகமில்லாமல் எழுதும் பழக்கத்தை இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

புறமா? எச்சரிக்கையா?

கடைகளைப் பற்றிக் குறை எழுதுவது புறம் பேசுவதாகுமா என்று ஒரு கேள்வி எழும். மார்க்கம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

ஒருவர் இல்லாத இடத்தில் அவர் வெறுக்கக்கூடியதைச் சொல்வதே புறம் என்றும், சொன்னது உண்மையாயின் அது புறம், உண்மையில்லாததாயின் அவதூறு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். என் மூன்றாவது வரி இரண்டாவது வகையில் சேர்ந்துவிட்டதே என்பதுதான் என் நடுக்கம். செய்தியொன்று வந்தால் தீர விசாரித்துத் தெளிவு பெற வேண்டும் என்று ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் கட்டளையிடுகிறது. கறிக்கடை எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அங்கே போய்க் கேட்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிராது.

ஆனால் குறையே சொல்லக்கூடாது என்பதும் மார்க்கமன்று. அநீதிக்கு ஆளானவர் முறையிடுவதும், தீமையிலிருந்து மக்களை எச்சரிப்பதும் புறத்தில் சேராத ஆறு வகைகளுள் அடங்கும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் விவரித்துள்ளார்கள். நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இரண்டு செய்திகள் இருக்கின்றன. எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது ஒன்று. கடைவீதியில் தானியக் குவியலொன்றுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று வணிகரிடம் நேருக்கு நேர் கண்டித்தார்கள் என்பது மற்றொன்று.

இரண்டையும் சேர்த்துச் சிந்தித்தால் நமக்கு ஒரு வழி புலப்படுகிறது. குறைகள் மூன்று வகை.

முதலாவது, நாவின் விருப்பம். எனக்குக் காரம் அதிகம் என்பது இன்னொருவருக்கு அளவாக இருக்கும். இதை விட்டுவிடுவதே பண்பு.

இரண்டாவது, கடையின் தவறு. தாமதம், வேகாத கறி, கூடிய உப்பு. இதைக் கடைக்காரரிடம் அங்கேயே சொல்ல வேண்டும். சொல்லியும் திருத்தவில்லையென்றால், கண்டதைக் கண்டபடி எழுதலாம்.

மூன்றாவது, உடலுக்குத் தீங்கு அல்லது ஏமாற்று. கெட்டுப்போன உணவு, கலப்படம் போன்றவை. இங்கே மௌனம் பாவம். ஆனால் நட்சத்திரம் இதற்குப் போதாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகமொன்றில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய குறைகளை விசாரிப்பதற்கென்றே 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் இருக்கிறார். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பவும் நடவடிக்கை எடுக்கவும் அத்துறைக்கு அதிகாரம் உண்டு. வாட்ஸ்அப் வழியாகவும் புகார் பெறுகிறார்கள். கடை ரசீதில் 14 இலக்க உரிம எண்ணோ பதிவு எண்ணோ இருக்க வேண்டுமென்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. ரசீதைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள்; புகாருக்கு அதுவே முதல் சான்று.

என் மருமகன் எழுதியதில் முதல் இரண்டு வரிகள் இரண்டாம் வகை. மூன்றாவது வரி, மூன்றாம் வகையின் உடையை உடுத்திக்கொண்டு வந்த வெறும் ஊகம்.

கடைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

உண்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நீதியாகாது. குறை கேட்ட உணவகத்தார் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்ப்போம்.

சிலர் சீறுகிறார்கள். எழுதியவர் போட்டிக் கடையின் ஆள் என்று பதிலுக்கு வசைபாடுகிறார்கள். சிலர் ஏளனம் செய்கிறார்கள். 2014-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ‘பாட்டோ பிஸ்ட்ரோ’ என்ற உணவகம், யெல்ப் தளத்தின் மீது கொண்ட கோபத்தால், தங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் இடுபவர்களுக்கு 25 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தது! மக்கள் வேடிக்கையாகப் போட்டிபோட்டுக்கொண்டு அதற்கு மோசமான பெயரை எழுதிக் குவித்தார்கள். வேடிக்கைதான், ஆனால் உண்மையிலேயே குறை கண்ட ஒருவர் எழுதினால் அது யார் கண்ணில் படும்?

வேறு சிலர் புகழை விலைக்கு வாங்குகிறார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் குளிர்பானம் இலவசம் என்பது அதன் சிறிய வடிவம். பெரிய வடிவம் எதுவரை போகும் என்பதை 2017-இல் இலண்டனில் ஓர் எழுத்தாளர் நிரூபித்துக் காட்டினார். தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகமென்று ‘டிரிப்அட்வைசர்’ தளத்தில் பதிந்தார். நண்பர்களைக் கொண்டு புகழுரை எழுத வைத்தார். ஒருவருக்கும் ஒரு வாய்ச் சோறு போடாத அந்தக் கொட்டகை, சில மாதங்களில் இலண்டன் மாநகரின் முதல்தர உணவகம் என்ற இடத்துக்கு உயர்ந்தது! இப்படிப்பட்ட பொய்களைத் தடுக்கத்தான் நம் நாட்டிலும் 2022 நவம்பரில் இணையவழிக் கருத்துகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரநெறியை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வழியே கொண்டுவந்தார்கள். ஆயினும் தொடக்கத்தில் அது கட்டாயமாக்கப்படவில்லை.

இன்னும் சிலர் எதற்கும் ஒரே பதிலை ஒட்டிவிடுகிறார்கள். “தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக” என்று பாராட்டியவருக்கும் அதே, வயிற்றுவலி வந்தவருக்கும் அதே. காது இருக்கிறது, கேட்பதில்லை.

குறையைக் கேட்டு, அடுப்படிக்குச் சென்று பார்த்து, திருத்திவிட்டுப் பதில் சொல்பவர்கள் ஐந்தாம் வகை. அவர்கள் குறைவு. அவர்களில் ஒருவரை எங்கள் ஊரிலேயே கண்டேன்.

பின்கட்டிலிருந்து வந்த குரல்

மறுநாள் பிற்பகல் கடைக்குப் போனேன். கடை திறக்கவில்லை. அவரே மைதா பிசைந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எழுதியவன் என் மருமகன், ஊகம் என்னுடையது, நான் சொன்ன “நல்லா இருந்துச்சு” பொய் என்று.

அவர் பிசைவதை நிறுத்தவில்லை. சிறிது நேரம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்” என்றார். அவ்வளவுதான். வேறொரு சொல் இல்லை. ஏசியிருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

என்ன பதில் எழுதுவது என்று பேசினோம். கடையின் உரிமையாளர் என்று கூகுளில் பதிந்துகொண்டவர், எழுதப்பட்ட கருத்துக்குக் கீழே பலரும் காணப் பதில் எழுதலாம். கருத்தை அவரால் நீக்க முடியாது. விதிமீறல் என்று முறையிட மட்டுமே முடியும். எழுதியவர் மட்டும் தாமே திருத்தலாம், நீக்கலாம். பாலிடெக்னிக்கில் படிக்கும் அவர் மகன், “என் கூட்டாளிங்க இருபது பேரைப் போடச் சொல்றேன், எல்லாம் அஞ்சு ஸ்டார்” என்றான். அவருக்கோ, பொய் என்று முதல் சொல்லிலேயே அடிக்க வேண்டுமென்ற ஆத்திரம்.

அப்போது பின்கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “உப்புக் கூடுனது நெசந்தானே. அதை மொதல்ல சொல்லுங்க. பெறகு கறியைப் பத்திச் சொன்னா நம்புவாங்க.”

பி.ஏ. படித்த எனக்குத் தோன்றாதது அந்தச் சகோதரிக்குத் தோன்றியது! அவர் சொன்ன வரிசையிலேயே தமிழில் எழுதினோம். அன்று காக்க வைத்ததும் உப்புக் கூடியதும் உண்மை, மன்னிக்க வேண்டும். அடுப்புக்கு ஆள் வராததால் கறி சரியாக வேகவில்லை. கறி அன்று காலை அறுத்தது, எந்த நாளும் நேரில் வந்து பார்க்கலாம். சனிக்கிழமைக்கு இன்னொரு ஆள் அமர்த்தியிருக்கிறோம் என்று நான்கே வரிகள். வசையுமில்லை, குழைவுமில்லை.

அன்றிரவு மருமகனை அழைத்தேன். “மாமா, நீங்கதானே பழசுன்னு சொன்னீங்க?” என்றான். ஆம் என்றேன்; அதனால்தான் அழைக்கிறேன் என்றேன். கறிக்கடையில் அதற்குள் நானே விசாரித்துவிட்டதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவன், “சரி, முழுசா எடுத்துடுறேன்” என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். பொய்யை எடு, உண்மை இருக்கட்டும். காத்திருந்ததும் உப்பும் உன் உரிமை. அவற்றை அடுத்து வருபவர் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அவன் மூன்றாவது வரியை நீக்கினான். நட்சத்திரத்தை இரண்டாக்கினான். அதற்குமேல் ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை; நானும் வற்புறுத்தவில்லை.

சராசரி மாறியதா? இல்லை. கணக்கு அப்படி, 4.3 என்றே நின்றது. கடைக்காரரிடம் வருத்தத்தோடு சொன்னேன். “எண்ணு கெடக்கட்டும் ஹஜ்ரத். அந்த வார்த்தை போயிருச்சுல்ல” என்றார். அந்த வலீமா விருந்து மட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது

அவருடைய கடையில் இன்று சனிக்கிழமைகளில் அடுப்புக்கு இரண்டு பேர். உப்பு கைப்பிடிக் கணக்கில் போடப்படுவதில்லை. சிறு கிண்ணமொன்று வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு அரை மணி நேரம் ஆகலாம் என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். காத்திருக்கப் போகிறோம் என்று முன்னரே தெரிந்தால் மனிதனுக்குக் கோபம் பாதிதான் வருகிறது.

சென்ற சனிக்கிழமை மஃரிபுக்குப்பின் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்து, கல்லாவைச் சுற்றியிருந்த கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றேன். பணத்தை நீட்டிக்கொண்டே, “இன்னைக்கு சால்னாவுல பட்டை வாசம் கொஞ்சம் தூக்கல்” என்றேன். சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பின்கட்டுப் பக்கம் திரும்பி, “ஏம்மா, ஹஜ்ரத் சொல்றாக, பட்டை கூடிருச்சாம்” என்றார். “ஆமா, எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அன்புச் சகோதர சகோதரிகளே! ஒருவரிடம் கண்ட குறை, அவரிடம் சேர்ப்பிக்க வேண்டிய அமானிதம். உரியவரிடம் சேர்க்காமல் ஊரில் இறைப்பது, அடுத்தவர் பொருளை வீதியில் வீசுவது போன்றது. கடை நடத்தும் சகோதரர்களே! அந்த அமானிதத்தைக் கொண்டுவருபவரிடம் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் முகம் சுளித்தால்தான் அவர் கைப்பேசியை எடுக்கிறார்.

அடுத்த முறை அந்தப் பலகையைக் காணும்போது, எழுதியிருப்பதன்படி ஒரு முறை செய்து பாருங்கள். நாவையும் விரலையும் உண்மையின் எல்லைக்குள் நிறுத்த வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.